வட்டக்களரி வளாகத்துக்குள் வந்த கதை

நடுச்சாமம் தாண்டியிருக்கும். மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வெளியில் மண்ணைக் குவித்து, வட்டமாக உயர்த்தி, மிதித்து இறுக்கிய களரி. நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியார் நிற்கிறார். பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம் தட்டுகிறவர், பிற்பாட்டுக்காரர். களரியின் ஓரத்தில் இரண்டு பேர் ஒரு சீலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சீலைக்குக் கீழே சதங்கை கட்டிய இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. தாளம் ஏறுகிறது, சீலை விலகுகிறது, ராசா வந்துவிட்டார். கரப்புடுப்பு விரிந்து சுழல, அண்ணாவியாரைச் சுற்றி வட்டம் போட்டு ஆடுகிறார். அவருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று இல்லை. நான்கு திசையிலும் சனம். ஒருவருக்கு முதுகு தெரியும் அதே நொடியில் எதிர்ப்பக்கத்துக் கிழவிக்கு முகம் தெரியும். அடுத்த சுற்றில் இருவருக்கும் இடம் மாறிவிடும்.

இதே ராசாவைக் கொண்டுபோய் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திரைச்சீலையும் உள்ள படச்சட்ட மேடையில் விட்டால் என்ன ஆகும்? ஆட்டத்தின் பாதி நேரம் சபைக்கு முதுகுதான் தெரியும். எட்டுப் போட்டு ஆடுகிற இடத்தில் பக்கச்சுவர் தட்டும். அண்ணாவியார் நடுவில் நின்றால் ஆட்டக்காரரை மறைப்பார், ஆகவே அவரை ஓரத்துக்கு அனுப்பவேண்டும். 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ மேடையேறியபோது இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகத் தீர்வு காணப்பட்டது. அண்ணாவியாரும் ஓரத்துக்குப் போனார். இலங்கையின் பல்கலைக்கழக அரங்குகள் தமிழ்க் கூத்துக்கு என்ன கொடுத்தன, எதை எடுத்துக்கொண்டன என்று கேட்டால், நான் அந்த நகர்விலிருந்துதான் தொடங்குவேன்.

பல்கலைக்கழகத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு கூத்தில் தொடங்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். அதற்கு முன்பிருந்த பல்கலைக்கழகக் கல்லூரிக் காலத்திலேயே ஆங்கிலப் பேராசிரியர் லூடோவைக்கின் நாடகச் சங்கம் ஐரோப்பிய நாடகங்களை மேடையேற்றிப் பேர் வாங்கியிருந்தது. தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதினார், தமிழ்ச் சங்க மாணவர்கள் நடித்தார்கள். மேடையில் பேசினால் செந்தமிழ், இல்லாவிட்டால் பாட்டு என்றிருந்த காலத்தில், வீட்டு முற்றத்துப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். இது சின்ன விசயம் இல்லை. ஆனாலும் அந்த மேடை நாற்பதுகளின் கொழும்பு மேடைதான். ஒரு வரவேற்பறை, நாற்காலிகள், திரை. பார்க்க வந்தவர்கள் ஆங்கிலம் படித்த குடும்பங்கள். மட்டக்களப்புக் களரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டு மாற்றங்கள் இதைக் குலைத்தன.

ஒன்று இடம். 1952இல் பல்கலைக்கழகம் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலி ஓடுகிறது, மேலே ஹந்தானை மலை. விடுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: அருணாசலம், இராமநாதன், ஜயதிலக என்று. கொழும்பில் மாலை ஐந்து மணிக்கு மாணவர்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேராதனையில் போக இடம் இல்லை. இரவு முழுக்க ஒத்திகை பார்க்கலாம். பார்வையாளர் கூட்டமும் விடுதியிலேயே இருக்கிறது. நாடகக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மற்றது மொழி. 1960ஐ ஒட்டிக் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிக்கலாம் என்றானது. 1940களில் வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் ஏற்கெனவே ஒரு தலைமுறையைத் தயார்செய்து வைத்திருந்தன. வாசல் திறந்ததும் அவர்கள் உள்ளே வந்தார்கள். ஆங்கிலம் அரைகுறை, ஆனால் ஊரில் கூத்துப் பார்த்து, சிலர் ஆடியும் வளர்ந்த பிள்ளைகள். மட்டக்களப்பு வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்துவிட்டு 1961இல் பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். கூத்தைப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது என்று சொல்வது வழக்கம். என் கணக்கில், கூத்துத் தெரிந்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்தார்கள் என்பதே பொருத்தம். பேராசிரியர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் ஆட ஆள் இருந்தால்தானே நெறியாள்கை?

பள்ளமும் நாடகமும்

தமிழ்க் கூத்துக்கு முன்னோடியாக நின்றது ஒரு சிங்கள நாடகம். எதிரிவீர சரச்சந்திர பல்கலைக்கழக ஆசிரியர். 1955இல் ராக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு ஜப்பான் சென்று நோ, கபுக்கி நாடகங்களைப் பார்த்தார். மரபு நாடகத்தை அருங்காட்சியகப் பொருளாக்காமல் இன்றைய மேடையில் வைக்கலாம் என்ற துணிச்சல் அங்கே கிடைத்தது. திரும்பி வந்து தன் நாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடியபோது அகப்பட்டது ‘நாடகம’. தென்மேற்குக் கரையோரச் சிங்களக் கிராமங்களில் மங்கிக்கொண்டிருந்த ஆடல்பாடல் வடிவம் அது. பெயரைப் பார்த்தாலே தமிழ்ச் சொல் என்று தெரியும். கரையோரக் கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து அது சிங்களத்துக்குப் போயிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற நாடகம ஆசான் சரச்சந்திரவுக்குப் பாட்டும் ஆட்டமும் காட்டிக்கொடுத்தார். பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். 1956 நவம்பர் 3இல் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் ‘மனமே’ அரங்கேறியது.

தேதியைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான், சிங்களத்தையே ஒரே ஆட்சிமொழியாக்கிய சிங்களம் மட்டும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிங்களப் பண்பாட்டு எழுச்சியின் உச்சம் என்று கொண்டாடப்படும் நாடகம், தமிழிலிருந்து போன வடிவத்தின் தோளில் ஏறி வந்தது. சரச்சந்திர அந்தக் கடனை மறைத்தவர் இல்லை. மற்றவர்கள்தான் மறந்தார்கள்.

பேராதனை வளாகத்துக்குள் ஒரு பள்ளம் உண்டு. மரங்கள் சூழ்ந்த இயற்கையான சரிவு, கீழே மேடை. சிங்களத்தில் ‘வள’ என்றால் பள்ளம், குழி. மாணவர்கள் வைத்த பெயர் அதுவே. 1961இல் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ அங்கே மேடையேறியது. இன்று அது சரச்சந்திர திறந்தவெளி அரங்கு என்று பெயர்ப்பலகையில் இருக்கிறது, பேச்சில் இன்னும் ‘வள’தான். சரிவில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். கதிரை இலக்கமும் கிடையாது, முதல் வரிசைப் பிரமுகருக்குத் தனி மரியாதையும் அவ்வளவாக எடுபடாது. பேராசிரியருக்குப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளி உட்காரலாம். பிடிக்காத நாடகத்தை ஊளையிட்டே இறக்கிவிடும் கூட்டம் என்ற பேர் பேராதனை மாணவர்களுக்கு உண்டு. கொழும்பில் கைதட்டல் வாங்கிய நாடகமும் ‘வள’வில் தேறினால்தான் தேறியதாக நாடகக்காரர்கள் நினைப்பார்கள்.

எனக்கு இந்தப் பள்ளத்தில் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. படச்சட்ட மேடைக்கும் கிராமத்துக் களரிக்கும் நடுவில் நிற்கிற அமைப்பு அது. பார்வையாளர் ஒரு பக்கம்தான் இருக்கிறார்கள், ஆனால் மேலிருந்து கீழே பார்க்கிறார்கள். ஆட்டக்காரரின் முகம் மட்டுமில்லை, அவர் தரையில் போடும் கோலமும் தெரியும். வட்டம் வட்டமாகத் தெரியும், எட்டு எட்டாகத் தெரியும். சமதளத்தில் வரிசையாகக் கதிரை போட்ட மண்டபத்தில் இது நடக்காது. அரங்கின் உருவம் ஆட்டத்தின் இலக்கணத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்று மாணவருக்கு விளக்கவேண்டுமானால், ஒரு மாலை அந்தச் சரிவில் உட்காரவைத்தால் போதும்.

வித்தியானந்தன் செய்தது

‘கர்ணன் போ’ரை மேடையேற்றிய பேராதனைத் தமிழ்த்துறை ஆசிரியர் சு. வித்தியானந்தன் தெல்லிப்பழையில் பிறந்தவர். 1950இல் லண்டனில் பத்துப்பாட்டு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கித் திரும்பிய சங்க இலக்கியக்காரர். அப்படிப்பட்டவர் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் கூத்துத் தேடிப் போனதை அன்றைய தமிழ்த்துறைச் சூழலில் வைத்துப் பார்க்கவேண்டும். கூத்து என்றால் படிக்காதவன் விடியவிடியக் கத்துவது என்று நினைத்த காலம். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்துகொண்டு அவர் அண்ணாவிமாரைத் தேடிக் கண்டு மாநாடு கூட்டினார், கௌரவித்தார், கூத்துப் போட்டிகள் நடத்தினார். ஏட்டில் கிடந்த பிரதிகளை அச்சேற்றினார். மட்டக்களப்புக் கூத்துக்கு வடமோடி, தென்மோடி என்று இரண்டு ஆட்டப் பாணிகள் உண்டு. தென்மோடியான ‘அலங்கார ரூபன்’ 1962இல் வந்தது. மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தான ‘எண்டிறிக்கு எம்பரதோர்’ 1964இல் வந்தது. ஹென்றி என்ற ஐரோப்பியச் சக்கரவர்த்தி மன்னார்ப் பேச்சில் எண்டிறிக்கு ஆனதும், போர்த்துக்கேயச் சொல் ஒன்று எம்பரதோராகக் குந்திக்கொண்டதும் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வரும்.

மேடைப் பக்கத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, அதையடுத்து ‘இராவணேசன்’, பிறகு ‘வாலிவதை’. முதலாவது வடமோடி, மகாபாரதக் கதை. சரச்சந்திர ஒரே வளாகத்தில் செய்து காட்டியது வித்தியானந்தனுக்கு உந்துதலாக இருந்தது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இருவர் கையிலும் இருந்த பொருள் வேறு. சரச்சந்திர நாடகமவை எடுத்துப் புதிய நாடகம் எழுதினார். வித்தியானந்தனிடம் இருந்தது ஊரில் உயிரோடு ஆடப்படும் கூத்து. அவர் எழுதவில்லை, சுருக்கினார்.

விடியவிடிய ஆடுவதைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவரவேண்டும். எதை வெட்டுவது? கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு உண்டு. வரவுத் தாளம், தன்னைத்தானே அறிமுகம் செய்யும் பாட்டு, களரியைச் சுற்றி ஆட்டம். ஊரில் ஒரு ராசா வந்து சிங்காசனத்தில் இருப்பதற்குள் பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். ஊருக்கு அது குறை இல்லை. ஆடுகிறவன் தங்கள் பிள்ளை, அவன் ஆட்டத்தை முழுதாகப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். மண்டபத்தில் மணிக்கூட்டைப் பார்க்கிற சபைக்கு அது தாங்காது. ஆகவே வரவுகள் குறுகின, ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லும் பாட்டுகள் போயின, கதை முன்னுக்கு வந்தது. ஆட்டமுறைகளில் தேர்வு வந்தது. வீசாணம், எட்டு, நாலடி, குத்துநிலை என்று ஊரில் ஆட்டக்காரனின் வலுவைக் காட்டப் பயன்பட்டவை, மேடையில் பாத்திரத்தின் மனநிலையைக் காட்டப் பயன்பட்டன. கோபத்துக்கு ஓர் ஆட்டம், தளர்ச்சிக்கு ஓர் ஆட்டம்.

‘இராவணேசன்’ இதில் ஒரு படி மேலே போனது. போர்க்களத்தில் ஒவ்வொருவராக இழந்து, தோல்வி தெரிந்தும் இறங்கிவராத இராவணன். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் மௌனகுரு. துன்பியல் வீரன் என்ற ஐரோப்பியக் கருத்தும் வடமோடிக் கால்களும் அங்கே சந்தித்தன. ஒரே வளாகத்தில் ‘சிங்கபாகு’ சிங்கத் தகப்பனைக் கொல்லும் மகனின் துயரத்தைப் பாடுகிறது, இங்கே இலங்கை வேந்தன் சாகிறான். இரண்டு நாடகங்களும் பக்கத்துப் பக்கத்து விடுதிப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தவை. ஒருவர் நாடகத்தை மற்றவர் எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. 1983 மே மாதம் அதே பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூலை இனக்கலவரத்தில், நாடே எரிந்தது.

அண்ணாவியாருக்குத் திரும்பி வருகிறேன். பேராதனை மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியர் தயாரிப்பாளர், அண்ணாவியார் பழக்குபவர். ஊரில் இந்தப் பிரிவே கிடையாது. அங்கே அண்ணாவியார்தான் எல்லாம். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்த்து, அதற்குரிய பாட்டேட்டைத் தந்து ‘சட்டங் கொடுப்பவர்’ அவர், தாளம் பிடிப்பவர் அவர், ஆட்டத்தின் நடுவே பிழை விட்டவனைக் கண்ணாலேயே திருத்துபவர் அவர். அதனால்தான் களரியின் நடுவில் நிற்கிறார். மேடையில் அவர் ஓரத்துக்குப் போனது வெறும் பார்வைக்கோணத் தீர்வு மட்டுமில்லை, அதிகாரமும் கூடவே நகர்ந்தது. நெறியாளர் என்ற புதிய ஆள் இருட்டில், சபையின் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டார்.

இது வித்தியானந்தன் மீது குற்றச்சாட்டு இல்லை. அவர் அண்ணாவிமாரை மதித்த அளவுக்கு அந்தக் காலத்துப் பேராசிரியர் வேறு யாரும் மதித்ததாக எனக்குத் தெரியவில்லை. பிரச்சினை பல்கலைக்கழகம் என்ற அமைப்பின் வயிற்றில் இருக்கிறது. அது சான்றிதழ் உள்ளவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும், இல்லாதவருக்கு வந்துபோகும் செலவும் பொன்னாடையும் கொடுக்கும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1966இல் தன் நாடகப் பள்ளியோடு ஒரு தொழில்முறை நாடகக் குழுவையே தொடங்கியது. நடிகருக்கும் கலைஞருக்கும் கூலி, மாணவருக்கு அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பு. அந்த மாதிரி ஒன்று பேராதனையில் முளைத்திருந்தால் அண்ணாவியாரும் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவராக இருந்திருப்பார். காசில்லாத நாடு, ஒப்பிடக்கூடாது என்பார்கள். இருக்கட்டும், மலைச்சரிவில் விடுதி கட்டக் காசு இருந்ததல்லவா?

வளாக மேடையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மண்டபத்துக்கு வாடகை இல்லை. நுழைவுச்சீட்டு விற்காவிட்டாலும் வீடு ஏலத்துக்குப் போகாது. ஆசிரியருக்குச் சம்பளம் வருகிறது, ஆகவே தோற்றாலும் பரவாயில்லை என்று புதிது செய்யலாம். நகரத்து நாடகக் கம்பனிக்கு இந்தத் துணிச்சல் வராது. ஆனால் மூன்று நான்கு ஆண்டில் ஆட்டக்காரர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். கால் பழகி முடிகிற நேரம் பரீட்சை வந்துவிடும். அடுத்த தொகுதிக்கு முதலிலிருந்து. ஊர்க் கூத்தில் ஒருவன் இருபது வயதில் சேவகனாக ஆடி, நாற்பதில் ராசாவாகி, அறுபதில் அண்ணாவியாவான். வளாகத்தில் எல்லோரும் எப்போதும் இருபது வயதிலேயே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஓர் ஒப்பீடு. அங்கே நவீன நாடகம் தெருக்கூத்தைத் தேடிப் போனதில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை (1977) போன்ற, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற குழுக்களுக்கும் புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்கும் பெரிய பங்கு உண்டு. இலங்கையில் அந்தச் சந்திப்பு வளாகத்துக்குள் நடந்தது. ஆகவே இங்கே விவாதங்களும் பாடத்திட்டம், ஆய்வேடு, பட்டம் என்ற மொழியிலேயே நடந்தன.

பேராதனையில் பழகிய கால்கள் வளாகத்துக்கு வெளியேயும் ஆடின. மௌனகுருவின் ‘சங்காரம்’ 1969இல் வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சாதி, வர்க்கக் கொடுமைகளைப் பாத்திரங்களாக்கியது. மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த காலம் அது. கூத்துக் களரிகளே பல ஊர்களில் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன என்பதை மறந்துவிட்டு, கிராமத்து வட்டம் முழுக்கச் சமத்துவமானது என்று நினைக்கவேண்டாம். வட்டத்தைச் சுற்றி நின்றவர்களில் யார் எங்கே நிற்கலாம் என்பதற்கும் விதி இருந்தது.

யாழ்ப்பாணமும் வந்தாறுமூலையும்

1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில், பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் தொடங்கியது. க. கைலாசபதி முதல் தலைவர். அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் அதனோடு சேர்ந்தது. ஆகத் தொடக்கத்திலேயே சங்கீதமும் நடனமும் பல்கலைக்கழகத்தின் பகுதி. நாடகத்துக்குப் பேர் தந்த மண்டபம் கைலாசபதி கலையரங்கம்.

இங்கே நாடகத்தின் வேலை மாறிவிட்டது. 1985இல் யாழ். பல்கலைக்கழகக் கலாசாரக் குழு ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை மேடையேற்றியது. எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம், நெறிப்படுத்தியவர் க. சிதம்பரநாதன். ராசாவும் இல்லை, சிங்காசனமும் இல்லை. மண்ணோடு மாரடிக்கும் சனம், எடுத்துரைஞர், கூட்டாகச் சொல்லும் வரிகள், கூட்டாக அசையும் உடல்கள். பேராதனை கூத்தை ஊரிலிருந்து வளாகத்துக்குக் கொண்டுவந்தது என்றால், யாழ்ப்பாணம் வளாகத்திலிருந்து நாடகத்தை ஊர்களுக்குக் கொண்டுபோனது. ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த நாட்களில் கூட்டம் கூடுவதற்கு நாடகம் ஒரு காரணம் தந்தது. 2001 ஜனவரி 17இல் படையினர் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளவில் நடந்த, தமிழரின் அரசியல் உரிமைகளைக் கோரிய முதலாவது பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வின் பின்னாலும் சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாடு இருந்தது. அதன் அரசியலை விரும்பலாம், விரும்பாமல் விடலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகப் பட்டறை மேடையை உடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போன கதை என்ற அளவில் அதை விட்டுவிட்டுப் போகமுடியாது.

கிழக்கில் இன்னொரு வட்டம் சுற்றி வந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. தொடங்கிய இடம் வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் கட்டடங்கள். அதே பள்ளிக்கூடத்திலிருந்துதான் மௌனகுரு பேராதனைக்குப் போனார். அதே ஊரிலிருந்துதான் செல்லையா அண்ணாவியார் மத்தளத்தோடு மலையேறினார். இருபது ஆண்டில் பல்கலைக்கழகமே அந்த ஊருக்கு வந்துவிட்டது. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணத்தில் முனைவர் பட்டம் வாங்கிய மௌனகுரு, பின்னாளில் இங்கே நுண்கலைத்துறைப் பேராசிரியர். மாணவராக ஆடிய ‘இராவணேச’னைத் தம் மாணவர்களைக் கொண்டு புதிதாக மேடையேற்றினார். மட்டக்களப்பு நகரத்துப் பக்கத்தில் விபுலானந்தர் பெயரில் இருந்த இசை நடனக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமானது. ‘மதங்க சூளாமணி’ எழுதி, ஷேக்ஸ்பியரையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசிய விபுலானந்தர்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்பதால், இந்தப் பெயர் வெறும் மரியாதைப் பெயர் இல்லை.

ஆனால் எதிர்க்குரலும் அதே வளாகத்திலிருந்துதான் எழுந்தது. கிழக்குப் பல்கலைக்கழக ஆசிரியரான சி. ஜெயசங்கர் கேட்டார்: கூத்தைச் ‘செம்மைப்படுத்த’ நீங்கள் யார்? அது செத்துப்போனால்தானே மீட்கவேண்டும்? ஊரில் அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. படச்சட்ட மேடை காலனியத்தோடு வந்தது, அதற்குள் அடக்கினால்தான் கூத்து நவீனமாகும் என்ற நினைப்பும் காலனியத்தோடு வந்ததே என்பது அவர் தரப்பு. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற முயற்சியை நடத்தினார். வட்டக்களரியிலேயே ஆட்டம், அண்ணாவியாரே தலைமை. மாறவேண்டியது பாட்டுக்குள் இருக்கும் கருத்து: பெண்ணைப் பற்றி, சாதியைப் பற்றி, அதிகாரத்தைப் பற்றி. அதையும் பேராசிரியர் எழுதித் தருவதில்லை, ஆடுகிறவர்களே இருந்து பேசி முடிவெடுப்பது. பல்கலைக்கழகத்துக்காரர் அங்கே உதவியாள்.

மறுதரப்பின் பதில் சுலபமாகத் தள்ளிவிடக்கூடியது இல்லை. கூத்து ஊரிலும் ஆடட்டும், மேடையிலும் ஆடட்டும், ஒன்று மற்றதைக் கொல்லவில்லை என்றார்கள். மேடைக்கு வந்ததால்தான் கூத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தது, பள்ளிக்கூட உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமானது, ஊரில் கூத்தாடி என்று இளக்காரமாகச் சொன்னவரின் பிள்ளை அதே கூத்தைப் படித்து ஆசிரியரானாள். இதுவும் உண்மை. நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்று இதுவரை படித்தவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் ‘இராவணேசன்’ இல்லாமல் சீலாமுனை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். எதிர்த்து நிற்கவும் எதிரே ஒன்று இருக்கவேண்டும்.

ஊரில் ஒரு கூத்து முழுமையாவதற்குப் படிகள் உண்டு. சட்டங் கொடுத்தல், களரி அடித்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். வளாகங்கள் இவற்றில் பலவற்றைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டன: பாத்திரத் தெரிவு, ஒத்திகை, உடையோடு ஒத்திகை, முதல் மேடையேற்றம். ஊரில் அரங்கேற்றத்துக்குப் பிறகு இன்னொரு படி இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆடுதல். களரியை விட்டு இறங்கி, உடுப்போடும் சதங்கையோடும் முற்றம் முற்றமாகப் போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தட்டில் பணம் வைப்பார்கள், அன்பளிப்புக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கிய அண்ணாவியாரின் கைக்கு அந்தத் தட்டு போகும்.